ஆச்சி நோட்டுல விடை அழிஞ்ச விடுகதைங்க, தெரிஞ்சவங்க கை கொடுங்க

கரிசக்காட்டுக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன், கோவில்பட்டி பக்கம். பரணைச் சுத்தம் பண்ணும்போது ஒரு 40 பக்க நோட்டு கிடைச்சுது. எங்க ஆச்சி சொல்லச் சொல்ல எங்கம்மா பள்ளிக்கூடம் படிக்கிற காலத்துல எழுதி வச்ச விடுகதைங்க. ஆச்சி இப்ப இல்ல, அம்மாவுக்கும் பாதிக்கு மேல மறந்துபோச்சு.

எங்க சின்ன வயசுல கரண்டு போச்சுன்னா பிள்ளைங்க எல்லாம் திண்ணையில ஆச்சியைச் சுத்தி உக்காந்துக்குவோம். ஆச்சி சுளவுல நிலக்கடலையை வச்சு உடைச்சுக்கிட்டே ஒவ்வொண்ணா போடும். சரியா சொன்னா கையில கடலை விழும், தப்பா சொன்னா தொலி விழும். இருட்டுல கையில விழுந்தது பருப்பா தொலியான்னு விரலால தடவிப் பாத்துதான் நாம ஜெயிச்சோமா தோத்தோமான்னே தெரியும்.

நோட்டுல இடது பக்கம் கதை, வலது பக்கம் விடை. வலது பக்கத்தைத்தான் ராமபாணப்பூச்சி நல்லா அரிச்சு வச்சிருக்கு. என் பொண்ணுக்கு 8 வயசு, பெங்களூர்ல வளர்றா, அவளுக்குச் சொல்லிக் கொடுக்கணும்னு ஆசை. நெட்ல தேடினா கேள்வி, கீழயே விடை, அடுத்த கேள்வி, கீழயே விடைன்னு வரிசையா போட்டு வச்சிருக்காங்க, அதைப் படிச்சுக் காட்டினா அவ "சரிம்மா, அதுக்கென்ன இப்போ"ங்கறா. அதனால ஒரே ஒரு வேண்டுகோள். விடையோட சேத்து ஏன் அதுதான் விடைங்கறதையும் சொல்லுங்க. இப்போதைக்கு அஞ்சு போடுறேன்:

ஆழக் குழி வெட்டி, அதுல ஒரு முட்டையிட்டு, அண்ணாந்து பாத்தா தொண்ணூறு முட்டை.
அத்தைக்கு ஒட்டாது, மாமாவுக்கு ஒட்டும்.
மூணு கண்ணன், தொறக்கிறது ஒத்தக் கண்ணுதான்.
கல்லுல காய்க்கும் பூ, தண்ணியில மலரும் பூ. (இதுல விடை இருந்த இடத்துல ஓட்டைதான் இருக்கு)
குளிச்சா கருப்பு, குளிக்காட்டி செவப்பு.

மஞ்சக்காட்டு_ஈரோடு:
முதலாவது தென்னைங்க. எங்க தோட்டத்துல அப்பா நாத்து வைக்கிறப்ப மூணடிக்கு மூணடி குழி எடுத்துத்தான் வைப்பாரு. குழி, அதுக்குள்ள ஒத்தைத் தேங்கா, அப்புறம் சில வருசம் பொறுத்து அண்ணாந்து பாத்தீங்கன்னா குலைகுலையா தொங்கும். முட்டைன்னு சொன்னது தேங்காயோட உருண்டை வடிவத்துக்கு. ஆனா எனக்கு அதுல ரொம்பப் பிடிச்ச சொல்லு "அண்ணாந்து"தான். வேற மரம் எதுக்கும் கழுத்து வலிக்க அண்ணாந்து காய் எண்ண வேண்டியதில்லீங்க.

சொல்லேருழவி:
ரெண்டாவது உதடு! பாப்பாவை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்க. "அத்தை"ன்னு சொல்லும்போது ரெண்டு உதடும் தொடாது, "மாமா"ன்னா ரெண்டு தடவை ஒட்டும். எங்க வீட்ல "அண்ணனுக்கு ஒட்டாது தம்பிக்கு ஒட்டும்"னு கேப்பாங்க, அதே விடைதான். இது தெரியாதவங்க அத்தைக்கும் மாமாவுக்கும் என்ன சண்டைன்னு குடும்பக் கதையா யோசிச்சுட்டு இருப்பாங்க, அங்கதான் மாட்டிக்குவாங்க. விடையும் வாயிலதான் இருக்கு, கேள்வி கேக்கும்போதே விடை கேக்கிறவங்க மொகத்துல அசையுது, ஆனா கண்ணுக்குப் படாது.

ஏட்டுச்சுவடி:
சொல்லேருழவி சொன்னதோட ஒண்ணு சேத்துக்கங்க. உதடே ஒட்டாம செய்யுள் எழுதறது நம்ம மொழியில ஒரு தனி வித்தை, இலக்கணத்துல இதழகல்னும் நிரோட்டம்னும் பேரு. ப, ம, வ மாதிரி எழுத்து வராம எழுதணும். 341ஆம் குறளைச் சத்தமா படிச்சுப் பாருங்க: "யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்". கடைசி வரைக்கும் உதடு ஒட்டவே ஒட்டாது. எந்தெந்தப் பொருளை விட்டு விலகுறானோ அததால வர்ற துன்பம் அவனுக்கு இல்லைங்கறதுதான் பொருள். பற்றை விடச் சொல்ற குறள்ல உதடும் ஒண்ணையொண்ணு பற்றாம நிக்குது. 8 வயசுப் பிள்ளைக்கு உதட்டுல விரல் வச்சுக்கிட்டு இதைச் சொல்லச் சொன்னா குறள் அன்னைக்கே மனப்பாடம் ஆயிடும்.

கரிசக்காட்டுக்காரி:
ஐயோ இப்பத்தான் விரல் வச்சு சொல்லிப் பாத்தேன், உடம்பு சிலிர்த்துப்போச்சு. பொண்ணு தூங்கிட்டா, காலையில முதல் வேலை இதுதான். "உதடு"ங்கற வார்த்தையைச் சொல்லும்போதும் உதடு ஒட்டமாட்டேங்குதே, கவனிச்சீங்களா?

வலிகாமத்தான்:
வணக்கம். எங்கட யாழ்ப்பாணப் பக்கம் இதை நொடி எண்டுதான் சொல்லுறது, "ஒரு நொடி போடட்டே, அவிழ்" எண்டுதான் அம்மம்மா தொடங்குவா. உங்கட மூன்றாவதுக்கு நான் நுங்கு எண்டு நினைச்சன். இளம் பனங்காயைச் சீவினா மூண்டு கண் தெரியும், பெருவிரலால நோண்டித்தான் குடிக்கிறது. அதுதான் எங்கள் எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வரும்.

மஞ்சக்காட்டு_ஈரோடு:
அது தேங்காதானுங்க. மட்டையை உரிச்சுட்டு குடுமிப் பக்கம் பாத்தா மூணு கண்ணு இருக்குமே.

வலிகாமத்தான்:
ரெண்டுக்கும் மூண்டு கண் இருக்குத்தானே, எதை வச்சுத் தேங்காய் எண்டு சொல்லுறியள்?

மஞ்சக்காட்டு_ஈரோடு:
அதுக்குத்தான் ரெண்டாவது பாதி இருக்குதுங்க, "தொறக்கிறது ஒத்தக் கண்ணுதான்". தேங்காயில ரெண்டு கண்ணு கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், ஒண்ணு மட்டும் மெல்லிசு, குச்சியை வச்சுக் குத்தினாலே உள்ள போயிரும். முளை வர்றதும் அந்தக் கண்ணு வழியாத்தான். பனங்காய்ல அப்படி இல்லீங்க, மூணு கொட்டையும் தனித்தனியா முளைக்கும்.

வலிகாமத்தான்:
ஓம், ஒத்துக்கொள்ளுறன். மூண்டு பனங்கொட்டையையும் பாத்தி போட்டு மூண்டிலயும் கிழங்கு எடுக்கிற ஆக்கள் நாங்கள், இது எனக்கு முதலே விளங்கியிருக்க வேணும். முதல் பாதியைக் கேட்ட உடன விடைக்கு ஓடினதுதான் நான் விட்ட பிழை. விடுகதையில ரெண்டாவது பாதி சும்மா வராது, அது மற்ற விடையளுக்குப் போற வழியை அடைக்க வாறது.

பாசிப்பயறு:
கல்லுல காய்க்கும் பூ பாசியா இருக்குமோ? கல்லுல தானே பிடிக்கும், மழை வந்தா பச்சையா விரியும்.

ஆலமரத்தடி:
நான் உப்புன்னு நினைக்கிறேன். இந்துப்பு கல்லுல தானே கிடைக்குது.

சொல்லேருழவி:
பாசிக்கு "காய்க்கும்" ஒத்து வரல. உப்புல ஒரு நல்ல விசயம் இருக்கு, உப்"பு"ன்னு பூவுல முடியுது. ஆனா உப்பு தண்ணியில கரைஞ்சு காணாம போகும், மலராது. பூவுல முடியணும், தண்ணி பட்டா பெருசாகணும். நெருங்கிட்டோம்.

கொத்தனார்_மவன்:
சுண்ணாம்பு. எங்கப்பா சுண்ணாம்புக் காரை வேலை பாத்தவரு, அதனால நான் இதைக் கண்ணால பாத்திருக்கேன், கொஞ்சம் விரிவா சொல்றேன். சுண்ணாம்புக் கல்லைக் காளவாசல்ல அடுக்கி கரி போட்டு சுடுவாங்க. சுட்டு வெளிய எடுத்தா பாக்க அதே கல்லு மாதிரிதான் இருக்கும், கையில தூக்கினா மட்டும் எடை குறைஞ்சிருக்கும், கல்லுக்குள்ள இருந்த கரியமில வாயு சூட்டுல வெளியேறிடுது. அந்தக் கல்லைத் தொட்டியில கொட்டி அப்பா தண்ணி தெளிப்பாரு. முதல்ல ஒண்ணும் நடக்காது, தண்ணியை அப்படியே உறிஞ்சிக்கும், நாம ஏமாந்து கிட்டப் போவோம், அப்ப அப்பா சட்டையைப் பிடிச்சுப் பின்னால இழுப்பாரு. அடுத்த நிமிசம் உஸ்ஸுன்னு ஒரு சத்தம், கல்லுல கீறல் விழும், கீறல் வழியா ஆவி பறக்கும், அப்புறம் கல்லு ஒவ்வொரு பக்கமா இதழ் இதழா பிரிஞ்சு வெள்ளைவெளேர்னு குமிஞ்சு நிக்கும். கைப்பிடி அளவு கல்லு ரெண்டு கைப்பிடிக்கு மேல ஆயிடும். தண்ணி ஊத்தினா சூடாகிற பொருளை அப்பத்தான் நான் முதல்ல பாத்தேன். நீத்துறதுன்னு சொல்வாங்க, ஆனா அந்த நேரத்துல பாத்தா நிசமாவே மலர்ற மாதிரிதான் இருக்கும். இந்த விடுகதை போட்டவரு தொட்டி பக்கத்துல நின்னு பாத்தவரு, எனக்கு அதுல சந்தேகமே இல்ல.

கரிசக்காட்டுக்காரி:
கும்பிடுறேங்க. ஆச்சி வெத்தலை போடும், இடுப்புச் சுருக்குப்பையில சுண்ணாம்பு டப்பா எப்பவும் இருக்கும். கையிலயே விடையை வச்சுக்கிட்டு எங்களைக் கேட்டிருக்கு.

ஆலமரத்தடி:
ஒரு சந்தேகம், கோவிச்சுக்காதீங்க. சுண்ணாம்"பூ"ன்னு இழுக்கிறது இப்ப பசங்க போடுற கடி மாதிரி இல்லையா? ஏற முடியாத படி என்ன படி, தள்ளுபடி. குளிக்க முடியாத ஆறு என்ன ஆறு, வரலாறு. இதையெல்லாம் விடுகதைன்னு சேக்கக்கூடாதுங்கறது என் கருத்து, பொருளைப் பாத்து யோசிக்க வைக்கிறதுதான் விடுகதை, இது வெறும் எழுத்து விளையாட்டு.

சொல்லேருழவி:
எழுத்து விளையாட்டுன்னா "வெறும்" ஆயிடுமா? சுண்ணாம்பு விடுகதை உங்களுக்கே பதில் சொல்லுதே. அதுல ஒரு கால் காளவாசல்ல நிக்குது, இன்னொரு கால் "பூ"ங்கற ஒலியில நிக்குது, ரெண்டுல எதை எடுத்தாலும் விழுந்துரும். தள்ளுபடியில ஒலி மட்டும்தான் இருக்கு, அதனால ஒரு தடவை சிரிச்சா முடிஞ்சுது, அந்த அளவுக்கு உங்க பேச்சை ஏத்துக்கிறேன். ஆனா எழுத்தை மட்டும் வச்சுக்கிட்டும் அழகா போட முடியும். மூணு போடுறேன், பாப்பாவுக்கும் கொடுங்க:

மூணெழுத்து. முழுசா இருந்தா ஓடும், கடைசி எழுத்து போனா துள்ளச் சொல்லும், நடு எழுத்து போனா நாயை ஏவும், தலை எழுத்து போனா கடல்ல வரும்.

மூணெழுத்துல ஒரு ஊரு. கடைசி போனா மயக்கும், நடு போனா காட்டுல மேயும், தலை போனா அதிகாரம் பண்ணும்.

நாலெழுத்து. தலை போனா கை, மூணாவது எழுத்து போனா அந்தக் கையிலயே வளரும்.

பாசிப்பயறு:
ரெண்டாவது எங்க ஊரு, மதுரை! மது, மரை, துரை. மரைங்கறது மான் வகைதானே?

வலிகாமத்தான்:
ஓம், எங்கட பக்கம் இப்பவும் மரை எண்டுதான் சொல்லுறது. முதலாவது குதிரை: குதி, குரை, திரை. திரை எண்டா அலை. அருமையா இருக்கு.

ஆலமரத்தடி:
மூணாவது நகரம். தலை போனா கரம், ர போனா நகம். சரி, நான் சொன்னதைக் கொஞ்சம் மாத்திக்கிறேன். குதிரையைப் பத்தி ஒரு கால் மணி நேரம் யோசிச்சேன், எழுத்தை ஒவ்வொண்ணா மறைச்சு மறைச்சு பாத்தேன், எத்தனையோ தடவை எழுதின வார்த்தைக்குள்ள இத்தனை வார்த்தை இருந்தது இத்தனை நாளா தெரியவே இல்ல.

சொல்லேருழவி:
கவிதைங்கற வார்த்தையையும் இதே மாதிரி பிரிச்சுப் பாருங்க. கவி, கதை, விதை, மூணும் உள்ளயே இருக்கு.

கணக்கு_வாத்தியார்:
எழுத்து விளையாட்டுன்னு பேச்சு வந்ததால என் பங்குக்கு ஒண்ணு. நான் எட்டாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தும்போது முதல் நாள் இந்த வெண்பாவைத்தான் போர்டுல எழுதுவேன். காளமேகப் புலவர் பாடினதுன்னு சொல்வாங்க.

முக்காலுக் கேகாமுன் முன்னரையில் வீழாமுன்
அக்கா லரைக்கால்கண் டஞ்சாமுன் - விக்கி
இருமாமுன் மாகாணிக் கேகாமுன் கச்சி
ஒருமாவின் கீழரையின் றோது.

இதுக்குள்ள எத்தனை பின்னம் ஒளிஞ்சிருக்குன்னு கேப்பேன். முக்கால் 3/4, அரை 1/2, கால் 1/4, அரைக்கால் 1/8, இருமா 1/10, மாகாணி 1/16, ஒருமா 1/20, கீழரை 1/640. பெருசுல இருந்து சிறுசுக்கு ஒழுங்கா படி இறங்கி வருது பாருங்க, ஒண்ணு கூட முன்ன பின்ன இல்ல. இப்ப பொருளைப் பாருங்க. ஊன்றுகோலோட சேத்து மூணு காலாகிறதுக்கு முன்னாடி, முன் நரை விழறதுக்கு முன்னாடி, அந்தக் காலன் ஆளுங்களைக் கண்டு பயப்படறதுக்கு முன்னாடி, விக்கி இருமறதுக்கு முன்னாடி, மா காணியான சுடுகாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, காஞ்சிபுரத்துல ஒத்தை மாமரத்தடியில இருக்கிற ஏகாம்பரநாதரை இன்னைக்கே பாடுன்னு சொல்றாரு. ஆயுசு குறைஞ்சுக்கிட்டே வருது, எண்ணும் கூடவே குறைஞ்சுக்கிட்டே வருது. பசங்க பின்னத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிற சந்தோசத்துல இருப்பாங்க, பொருளைச் சொன்னதும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாயிடும். மாவும் காணியும் இன்னைக்குப் பாடத்துல இல்ல, அதனால பசங்களுக்கு அந்த அளவையெல்லாம் முதல்ல சொல்லிக் கொடுத்துட்டுத்தான் பாட்டுக்குள்ளயே போக முடியுது, அதுதான் எனக்கு வருத்தம்.

கரிசக்காட்டுக்காரி:
வாத்தியாரய்யா, நீங்க சொன்ன வருத்தம்தான் எனக்கும். நோட்டுல அம்மி குழவி, திருகை, ஏத்தம், கமலைன்னு வருது, என் பொண்ணு இதுல ஒண்ணைக்கூடப் பாத்ததில்ல. விடை தெரிஞ்சாலும் அவளுக்கு அது வார்த்தையாத்தான் போய்ச் சேருது. சரி, அஞ்சாவது அப்படியே நிக்குதே, குளிச்சா கருப்பு குளிக்காட்டி செவப்பு?

பாசிப்பயறு:
அடுப்புக்கரி?

கொத்தனார்_மவன்:
கரின்னா குளிக்காட்டியும் கருப்புதானே. நெருப்பு, தணல்னு சொல்லலாம். எரியும்போது செவப்பு, தண்ணி ஊத்தினா கருப்பு.

ஏட்டுச்சுவடி:
நெருப்புதான். இதுல ஒரு பெரிய விசயம் இருக்கு, அதைச் சொல்லத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். தொல்காப்பியத்துல விடுகதைக்குப் பேரு பிசி. செய்யுளியல்ல ரெண்டு வகை சொல்றாங்க: ஒப்பொடு புணர்ந்த உவமத்தால வர்றது (ஒண்ணை இன்னொண்ணோட ஒப்பிட்டுச் சொல்றது), தோன்றுவது கிளந்த துணிவால வர்றது (தோணுற தன்மையைச் சொல்லி விடையைத் துணிய வைக்கிறது). அதுக்கு உரை எழுதின பேராசிரியர், சுமார் 13ஆம் நூற்றாண்டுக்காரர், முதல் வகைக்குக் காட்டுற உதாரணம் "பிறை கவ்வி மலை நடக்கும்". விடை யானை. மலை மாதிரி உடம்பு, பிறை மாதிரி தந்தம், நாலே சொல்லுல ஆனையை நடக்க விட்டுட்டாங்க. ரெண்டாவது வகைக்கு அவர் காட்டுறது இது:

நீராடான் பார்ப்பான் நிறஞ்செயான் நீராடில்
ஊராடு நீரிற்காக் கை.

குளிக்காத வரைக்கும் ஒரு நிறம், குளிச்சா காக்கை, அதாவது கருப்பு. விடை நெருப்பு. கரிசக்காட்டுக்காரி, உங்க ஆச்சி கடலை உடைச்சுக்கிட்டே போட்டதும் இதுவும் ஒரே கதை. உங்க ஆச்சி உரைநூல் படிச்சிருக்க வாய்ப்பில்ல, அவங்களுக்கு அவங்க ஆச்சி சொல்லியிருப்பாங்க. ஏடும் புத்தகமும் ஒரு பக்கம் வந்துச்சு, திண்ணை ஒரு பக்கம் வந்துச்சு, ரெண்டும் அதே நெருப்பைக் குளிப்பாட்டுது.

கரிசக்காட்டுக்காரி:
இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியல. அம்மாவுக்கு ஃபோன் பண்ணி படிச்சுக் காட்டினேன், அவங்க அழுதுட்டாங்க.

இன்னைக்குச் சாயங்காலம் நடந்ததைச் சொல்லணும். பொண்ணுகிட்ட அந்த விடுகதையைக் கேட்டேன், அவளால முடியல, விடையைச் சொன்னேன், "நெருப்பு எப்படிம்மா கருப்பாகும், அணைஞ்சா ஒண்ணுமே இருக்காதே"ன்னா. அவ சொன்னதுல தப்பே இல்ல, எங்க வீட்ல கேஸ் அடுப்புதான், திருகினா நீலமா வரும், திருப்பினா காணாம போகும். அவளுக்குத் தெரிஞ்ச நெருப்பு குளிக்கவே குளிக்காது.

எங்க தெரு முனையில இஸ்திரி வண்டி ஒண்ணு நிக்கும், அந்தண்ணன் இன்னமும் கரிப்பெட்டிதான் வச்சிருக்காரு. துணியைக் கொடுக்கிற சாக்குல அவளைக் கூட்டிட்டுப் போனேன். அண்ணே, பிள்ளை ஒரு தணலைப் பாக்கணும்ங்கறான்னேன். அவரு பெட்டியோட மூடியைத் தூக்கி இடுக்கியால ஒரு கங்கை எடுத்து வண்டிக்குக் கீழ தகரத்துல வச்சாரு. சாம்பலை ஊதி விட்டதும் உள்ளுக்குள்ள செக்கச்செவேல்னு மூச்சு விடுற மாதிரி கூடிக் குறைஞ்சுது. துணிக்குத் தண்ணி தெளிக்கிற குவளையில இருந்து அவ கையாலயே ஊத்தச் சொன்னாரு. உஸ்ஸுன்னு ஒரு சத்தம், ஆவி மொகத்துல அடிச்சதும் ரெண்டடி பின்னால போயிட்டா. திரும்ப வந்து குனிஞ்சு பாத்தா கருப்பா, ஈரமா, சின்னதா ஒரு கட்டி.

"குளிச்சிருச்சு"ன்னு மட்டும் சொன்னா.

அதைக் கையில எடுத்துக்கிட்டு வந்து ஜன்னல்ல காய வச்சிருக்கா. கட்டி காஞ்சப்புறம் திரும்பவும் செவப்பாக்க முடியுமான்னு கேட்டா, முடியும்னு சொல்லியிருக்கேன். நாளைக்கு மறுபடியும் வண்டிக்குப் போகணும்.

கொத்தனார்_மவன்:
சுட்ட சுண்ணாம்புக் கல்லு கிடைச்சா பாப்பாவுக்கு அதையும் காட்டுங்க, ஆனா தள்ளி நிக்க வச்சுக் காட்டுங்க. தண்ணியை நீங்க ஊத்துங்க, பிள்ளை கையில கொடுக்காதீங்க, கண்ணுல தெறிச்சா ஆபத்து.

வலிகாமத்தான்:
நோட்டின்ர மற்றப் பக்கங்களையும் போடுங்கோ. அம்மம்மாவின்ர நொடியளும் என்னட்டக் கொஞ்சம் இருக்கு, சிலதுக்கு எனக்கும் விடை தெரியாது.

கரிசக்காட்டுக்காரி:
கண்டிப்பா. நாளைக்கு அடுத்த பக்கம். முதல் வரி இதுதான், விடை இருந்த இடம் இதுலயும் ஓட்டை: "காலில்லாத பந்தலைக் காணக் காண விநோதம்."

பாசிப்பயறு:
இது எனக்குத் தெரியும்! ஆனா சொல்லமாட்டேன். ராத்திரி பாப்பாவை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போயி படுக்க வச்சுட்டுக் கேளுங்க.